எடுத்து வைத்தது

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது கூச்சல் போடுகிறது. அங்கே அப்பா, நீ, உன் வீட்டம்மா மூவரும் சுகம்தானே?

போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷம் நமக்குள் சண்டை. மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அப்பாவுக்கோ போனில் ஒன்றும் காதில் விழுவதில்லை. அதனால்தான் காகிதம். இதை முதலில் பிரிக்கப்போவது அவர்தான் என்றும் தெரியும். அப்பா, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னோடு சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அந்தப் பக்கம் வருகிறாள். அவளிடம் அப்பாவுக்கு ஒரு சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இளநீலம், முழுக்கை, நல்ல ஆழமான பை. அதை உடம்பில் போடுவதற்காக அனுப்பியிருக்கிறேன், பீரோவில் போடுவதற்காக அல்ல. போன தடவை வாங்கித் தந்த சட்டை இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு முன்னால் வாங்கித் தந்த கம்பளியும் அப்படியே. வாசனை சோப்பைக்கூடத் துணிக்கு நடுவில் வைத்துவிட்டு வெறும் சோப்பில் குளிக்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ‘பீரோ’ என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

இன்னொன்று. குளிர் வருகிறது. மாவு மில்லில் அத்தனை வருஷம் மாவையே சுவாசித்த நுரையீரல் அது. ஃப்ளூ ஊசி போட்டே ஆக வேண்டும். எங்கள் ஹோட்டலில் எல்லோருக்கும் போட்டார்கள். ஊசியிலிருந்தே ஃப்ளூ வந்துவிடும் என்று பாதிப் பேர் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். நர்ஸ் சிரித்துவிட்டு, “அதுல உயிரோட வைரஸே இல்லம்மா, எப்படி வரும்? கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கனமா இருக்கும், அவ்வளவுதான்” என்றாள். எனக்குக் கை மட்டும்தான் வலித்தது. அப்பாவை இந்த வாரமே கூட்டிப் போ.

உன் வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் முழங்காலுக்கு ஓய்வு கொடு. நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற தம்பி இருக்கும்போது நீ படியேறுவது எனக்குத்தான் அவமானம்.

முதலில் நல்ல செய்தி. நீ அத்தையாகப் போகிறாய். மார்ச்சில். இதைப் போனில் சொன்னால் “ஏன் முதல்லயே சொல்லலை” என்று நீ ஆரம்பிப்பாய், அதனால் இதிலேயே எழுதிவிட்டேன்.

ஊசி போட மூவருமாகப் போனோம். மாசமாக இருக்கிறவள் போட்டுக்கொள்ளலாமா என்று இவள் டாக்டரிடம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள். தாராளமாகப் போடலாம், அம்மாவுக்குப் போட்டால் பிறக்கிற குழந்தைக்கும் முதல் சில மாதம் பாதுகாப்பு என்றார். அவள் போட்டுக்கொண்டாள், நானும் போட்டுக்கொண்டேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “எனக்கு எதுக்குடா? அந்த ஒரு ஊசி யாராவது சின்னப் பிள்ளைக்கு ஆகட்டும்” என்கிறார். ஊசி நிறைய இருக்கிறது, உங்களால் யாருக்கும் குறையாது என்று டாக்டரே காதருகே கத்திச் சொன்னார். இவர் சிரித்தபடியே வெளியே வந்துவிட்டார். தூக்கிக்கொண்டா போக முடியும்?

டாக்டர் அப்பாவுடைய நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஃப்ளூவுக்கான மாத்திரை. காய்ச்சல் வந்தால் உடனே வந்து மூக்கில் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஃப்ளூ என்று தெரிந்தால் முதல் ரெண்டு நாளுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பலன் குறைந்துகொண்டே போகும் என்றார். சீசனில் கடையில் கிடைக்காமல் போகலாம் என்பதால் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சட்டை வந்தது. அதுவும் பீரோவில்தான். நான் என்ன செய்வேன்?

அன்புத் தம்பி

*

அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்துவிட்டு, ஈரப் போர்வையோடு நின்று சிரித்தேன், அழுதேன். மேஸ்திரி என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். உன் வீட்டம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். பிள்ளைக்கு உன் காது வந்துவிடாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அடப்பாவி, மாத்திரையையும் பீரோவிலா வைத்தாய்? அந்த பீரோவுக்குள் போன எதுவாவது வெளியே வந்திருக்கிறதா? இன்றைக்கே எடுத்து ஃப்ரிட்ஜ் மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வை.

சளி பிடித்தால் போன வருஷத்து ஆன்டிபயாடிக் மிச்சத்தைத் தேடி விழுங்குகிற பழக்கம் உனக்கு உண்டு. விட்டுவிடு. அது பாக்டீரியாவுக்கு, இது வைரஸ். இங்கே மருந்துக்கடை அம்மா ஒவ்வொரு ஆளிடமும் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அப்பா, உங்கள்மேல் எனக்குக் கோபம். ஊசியைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தாராம், பெரிய வள்ளல்! உங்களுக்கு ஒன்று என்றால் நாங்கள் என்ன ஆவது என்று யோசித்தீர்களா?

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வருஷமும் லீவு எடுக்கவில்லை. நிறையச் சேர்ந்திருக்கிறது. அவசரம் என்று வந்தால் கையில் இருக்க வேண்டும் இல்லையா?

அக்கா

*

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. ஒரு அடுக்குமாடியில் ரெண்டு லிஃப்ட்டும் சேர்ந்து படுத்துவிட்டன. நீ சுகமா?

அப்பாவுக்கு முந்தாநாள் சாயங்காலம் உடம்பு சுட்டது. மறுநாள் காலையிலேயே கூட்டிப் போய் டெஸ்ட் எடுத்தோம். ஃப்ளூதான். பயப்படாதே. நேற்றே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஃப்ரிட்ஜ் மேலேதான் இருந்தது, நீ சொன்ன மாதிரி. கடையில் இப்போது கிடைக்கவில்லை, முன்பே வாங்கியது நல்லதாகப் போயிற்று. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டையில் சிக்குகிறதாம், அதனால் அட்டையை அவரே வாங்கிக்கொண்டு, வெந்நீரோடு அறைக்குள் போய்ப் போட்டுக்கொள்கிறார். இவளை அந்த அறைப் பக்கமே வரவிடுவதில்லை. “நீ தள்ளிப் போம்மா, தள்ளிப் போ” என்று கையை ஆட்டுகிறார்.

நேரத்தோடு ஆரம்பித்ததில் டாக்டருக்கும் திருப்தி. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார்.

தம்பி

*

நவம்பர் 30

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க மனசு இல்லை. வீட்டுக்கு எழுதினால் அப்பாவுக்கு வருகிறதையெல்லாம் உன் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவாள், அதனால் உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று நீ போனில் சொன்னபோது நான் கத்திவிட்டு வைத்தேன். மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. லிஃப்ட் ஓடுகிற கிணற்றுக்குள் இருந்தாயாம். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் கிணறுதான்.

மருந்துக்கடை அம்மாவிடம் கேட்டேன். மாத்திரை எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் மறுநாளே ஆரம்பித்தவருக்கு நாலாம் நாள் மூச்சு இப்படித் திணறினால் ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள் என்றாள். அதனால் கேட்கிறேன். அப்பா அந்த மாத்திரையை விழுங்கினாரா? கண்ணால் பார்த்தாயா? இல்லை, மாசமாக இருக்கிறவளுக்கு நாளைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது, கடையில் வேறு கிடைக்கவில்லை என்று நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

எழுதிவிட்டேன். இனி அழிக்க மாட்டேன். பதில் எழுது.

அக்கா

*

டிசம்பர் 8

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பா இன்னும் ஆக்சிஜனில். நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குத் தாமதமானாலும் அந்த மருந்தைக் கொடுப்பார்களாம், கொடுத்தார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கஞ்சி இறங்குகிறது.

முன்னால் பொத்தான் வைத்த சட்டையாகக் கொண்டுவரச் சொன்னார்கள். நீ அனுப்பியதை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். பிறகு பழையதே போதும் என்று அதை எடுத்துக்கொண்டு போனேன்.

மாத்திரை விஷயம் கேட்டிருக்கிறாய். அப்பா என் பொறுப்பில் இருந்தார். தப்பு என்னுடையது. அவளை இதில் இழுக்காதே. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

தம்பி

*

டிசம்பர் 17

தம்பிக்கு,

‘தப்பு என்னுடையது.’ ரெண்டே வார்த்தை. பெற்ற அப்பன் மூச்சுக்குத் தவிக்கிறார், நீ ரெண்டு வார்த்தையில் கணக்கை முடிக்கிறாய். என்ன தப்பு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்படியென்றால் நான் நினைத்தது சரிதான்.

வருகிறேன் என்று ரெண்டு தடவை லீவுத் தாளை வாங்கிவிட்டேன், ரெண்டு தடவையும் எழுதாமல் வைத்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், அப்புறம் ஒன்று என்றால்? அதை நினைக்கவே பயமாக இருக்கிறது, ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்பா வீடு திரும்பினால் ஒரு வரி எழுது. அதைத் தவிர எனக்கு உன்னிடம் பேச்சில்லை.

அக்கா

*

ஜனவரி 6

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். மாமா வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடக்கிறார். எனக்கும் வயிற்றில் இருப்பதற்கும் குறைவில்லை. எட்டாம் மாதம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இவர் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார். நீங்கள் எழுதியதை நான் படித்தேன். இவருடைய சட்டைப் பையில் இருந்தது, துவைக்கும்போது கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கோபத்தோடு எழுதக்கூடாது என்று இத்தனை நாள் பொறுத்தேன்.

மாமாவைச் சேர்த்த அன்று இவர் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தார். ரொம்ப நேரமாக அறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் நீங்கள் கொடுத்தனுப்பிய நீலச் சட்டை. அதன் பைக்குள் மாத்திரை அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. வேளை தவறாமல் வெந்நீர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவர், வெந்நீரை மட்டும்தான் குடித்திருக்கிறார்.

இவர் அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். என்னிடம், “அக்காவுக்கு எழுதாதே. அவ அப்பாவைத் திட்டி எழுதுவா, அவர் அதைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிப்பாரு. இந்த நிலைமையில வேண்டாம். என்னையே திட்டிட்டுப் போகட்டும்” என்றார். உங்கள் தம்பி அவ்வளவுதான் அண்ணி. அவருக்குச் சண்டை போடத் தெரியும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது.

மாமா திரும்பி வந்ததும் நான் விடவில்லை. அட்டையை முன்னால் வைத்தேன். “ஏன் மாமா?” என்று காதருகே கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டார். “கடையில கிடைக்கலைன்னு இவன் சொன்னானேம்மா. உனக்கு வந்துட்டா? நீ ரெண்டு உயிரு. நான் ஒத்தை ஆளு” என்றார். எனக்கு ஊசி போட்டாயிற்றே என்றேன். “போட்டாலும் சிலருக்கு வருமாமே” என்றார். வரலாம் மாமா, வந்தாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், அதற்குத்தானே ஊசி என்றேன். என்ன சொல்லி என்ன, வீட்டில் மாத்திரை தேவைப்பட்ட ஒரே ஆள் அவர்தானே. நானும் அழுதேன், அவரும் அழுதார். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடித்தோம்.

உடம்பு தேறிய பிறகு அவருக்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை ஃப்ளூ வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நானே கேட்டேன். ஃப்ளூவில் பல ரகம், ஒன்று வந்ததால் மற்றது வராது என்றில்லை என்றார். மாமா வழக்கம்போல, “அது பிள்ளைக்கு ஆகட்டும்” என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, “பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் அந்த ஊசியே போட முடியாது மாமா. அதுவரைக்கும் சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டாத்தான் அதுக்குப் பாதுகாப்பு. உங்க கையில போட்டுக்கிட்டாத்தான் பிள்ளைக்கு எடுத்து வெச்ச மாதிரி” என்றேன். மறுநாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, “என்னைக்கும்மா போகணும்?” என்றார்.

எனக்கும் இந்த மாதம் இன்னொரு ஊசி போட்டார்கள். பச்சைக்குழந்தைக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவருகிற வேறொரு வைரஸுக்காம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமாவுடைய பீரோவைச் சொல்லி நாம் எல்லோரும் சிரிக்கிறோம். நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற லீவு எதற்கு அண்ணி? எந்த நாளுக்கு?

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் தம்பியின் மனைவி

*

பிப்ரவரி 3

மகளுக்கு,

அப்பா எழுதுவது. கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பசி எடுக்கிறது. தூக்கம் வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முழுக்கை மேலே ஏறவில்லை, நர்ஸம்மா கழற்றச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அது மடிப்புக் கலைந்துவிட்டது, இனிமேல் மடித்து வைத்து என்ன பயன் என்று தினமும் போடுகிறேன். நல்ல சட்டை. பை ஆழமாக இருக்கிறது.

கை ஒரு நாள் வலித்தது. காய்ச்சல் வரவில்லை. நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஊசி வேண்டாம் என்று தகராறு செய்தார். அவரிடம், உங்கள் வீட்டில் பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டேன். பேத்தி உண்டு என்றார். போட்டுக்கொண்டார்.

தம்பியோடு நீ பேசுவதில்லை என்று தெரியும். எனக்குக் காதுதான் கேட்காது. அவன்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் நல்ல பெண். என்னை அதட்டுகிறது.

அப்பா என்கிற பீரோ

*

பிப்ரவரி 16

என் தம்பிக்கும், அதட்டத் தெரிந்த என் கண்ணுக்கும், அப்பாவுக்கும்,

மூவரும் சேர்ந்து உட்காருங்கள், அப்பா உரக்கப் படிக்கட்டும். என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம், நேரிலேயே பார்க்கப்போகிறீர்கள்.

ஆமாம், வருகிறேன். கண்ணு, உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. எந்த நாளுக்கு என்று கேட்டாயே, அந்த நாள் எது என்று எனக்குத் தெரியும். அப்பாவை வழியனுப்புகிற நாளுக்காகத்தான் ஒவ்வொரு லீவாக மிச்சம் பிடித்திருக்கிறேன். அவர் மூச்சுக்குத் தவித்தபோதுகூட, இன்னும் அந்த நாள் வரவில்லை என்று சொல்லி எடுத்து வைத்தேன். பீரோவின் மகள் வேறெப்படி இருப்பாள்?

தம்பி, நேரில் ஒரு அடி கொடுத்துவிட்டு அப்புறம் கட்டிக்கொள்கிறேன். என்னிடமா மறைப்பாய்? நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. உன் வீட்டம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் ரெண்டு தடவை கிழி.

ஃப்ளூ ஊசி எனக்கு முன்னமே போட்டாயிற்று. கோவிட் ஊசிதான் பாக்கி இருந்தது. பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு வருகிறேனே என்று மருந்துக்கடை அம்மாவைக் கேட்டு அதையும் போட்டுக்கொண்டேன். வேலை செய்ய ரெண்டு வாரமாவது ஆகும், அது முடிந்த பிறகே கிளம்புகிறேன். வந்த இடத்தில் எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் பிள்ளைப் பக்கம் வர மாட்டேன், நீங்கள் கூப்பிட்டாலும் வர மாட்டேன். வாசற்படியில் நின்று அதன் காதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலையில் லீவுத் தாளை நிரப்பிக் கொடுத்தேன். கையில் இருந்தது முழுவதையும் எழுதிவிட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் லீவு கேட்டதே இல்லையே, அவருக்குப் பயம் வந்துவிட்டது. “என்னம்மா ஆச்சு, வீட்டுல யாருக்காவது ஏதாவதா?” என்றார்.

“இல்லைங்க சார், எல்லாரும் நல்லா இருக்காங்க,” என்றேன். “அதனாலதான் போறேன்.”

உங்கள் அக்கா, அண்ணி, மகள்